நடுக்களத்துக்கு ஆள் எடுக்கும் முன்: எங்கள் அணியின் வீரர் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீரர் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். அணியின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடும் 24 அணிகளில் ஒன்று என்று சொன்னால் போதும். படிக்கும்போதே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு சில அணிகளின் குழுக்களும் இது தங்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடந்த இரண்டு கோடை டிரான்ஸ்ஃபர் காலங்களிலும் நடுக்களத்துக்கு ஆள் வாங்கினீர்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி ஆள். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருவருமே பந்தைப் பறிக்கிறவர்கள். பறித்த பந்தை அப்புறம் என்ன செய்வது என்று வரும்போதுதான் சிக்கல். ஒருவர் மற்றவரிடம் கொடுக்கிறார், அவர் பின்னால் நடுவில் தடுத்து ஆடும் சென்டர்பேக்கிடம் திருப்பிக் கொடுக்கிறார், சென்டர்பேக் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் தூக்கி அடிக்கிறார். கோல் அடிக்க முன்னே நிற்கும் ஸ்ட்ரைக்கர் தனியாக இரண்டு பேரோடு மல்லுக்கட்டுகிறார். சீசன் முழுக்க இதைப் பார்த்துவிட்டு, கோல் அடிக்க ஆள் இல்லை என்று இப்போது ஸ்ட்ரைக்கர் தேடுவதாகக் கேள்விப்பட்டதால்தான் இந்த மடல்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நடுக்கள ஆட்டக்காரரின் எண்களில் பாதி அவருடையவை அல்ல. பக்கத்தில் ஆடுகிறவர்களுடையவை, அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையுடையவை. வேலை என்னவென்று முதலில் எழுதி வைக்காமல் ஆளைத் தேடினால், பட்டியலில் பளிச்சென்று தெரிகிறவர்தான் கையில் சிக்குவார்.

டேக்கிளையே, அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் டேக்கிள் செய்ய வேண்டுமானால் பந்து எதிரணியிடம் இருக்க வேண்டும். பந்தை எதிரணிக்கு விட்டுவிட்டுப் பின்னால் கூடிநிற்கும் அணியில் ஆடுபவருக்கு அந்த வாய்ப்பு தானாக வந்து குவியும். பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் அணியில் ஆடுபவருக்கு வராது. பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிட்டு அந்த எண்ணைச் சரிசெய்யும் வழக்கம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அந்த டேக்கிள் ஏன் தேவைப்பட்டது? நாம் வாங்கிய இருவரில் மூத்தவர் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டும்போதெல்லாம் அரங்கம் எழுந்து நிற்கிறது, நானும் நிற்கிறேன். வீட்டுக்குப் போய் அதே காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தால், நாலு விநாடிக்கு முன்பு அவர் தன் இடத்தை விட்டு எங்கோ ஓடியிருப்பது தெரிகிறது. தான் திறந்துவிட்ட கதவைத் தானே ஓடிவந்து சாத்துகிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

இங்கிலாந்தில் இளம் ஆட்டக்காரர்கள் தங்கள் பலம் என்னவென்று கேட்டால் டேக்கிள் என்று சொல்வது சாபி அலோன்சோவுக்கு விளங்கவே இல்லை. லிவர்பூலில் ஐந்து ஆண்டுகள் ஆடியவர் அவர். டேக்கிள் ஒரு திறமை அல்ல, வேறு வழியில்லாதபோது செய்கிற காரியம் என்பது அவருடைய கட்சி. முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பிரான்ஸின் நடுக்கள ஆட்டக்காரர் கான்டே இருக்கிறார். 2013-14 சீசனில் கான்டே பிரான்ஸின் இரண்டாம் அடுக்கில் கான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு மூன்றாம் அடுக்கில். 2016-ல் லெஸ்டருடன் இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக் கோப்பை, 2017-ல் செல்சியுடன் மறுபடி அதே கோப்பை, 2018-ல் உலகக் கோப்பை. லெஸ்டர் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்து ஆடிய அணி, செல்சி அப்படி அல்ல. இரண்டிலும் அவர் பந்தைப் பறித்தார் என்பதுதான் சேதி. பக்கத்து ஆட்கள் மாறியும், வேலை மாறியும், எண் நிலைத்து நின்றால் அது அவருடைய சொந்த எண். நீங்கள் ஒரே அணியில், ஒரே பயிற்சியாளரிடம், ஒரே துணையோடு ஆடிய ஒற்றை சீசனைப் பார்த்து வாங்கினீர்கள். அதுதான் வித்தியாசம். (குள்ளமாக, ஓயாமல் ஓடுகிற யாரைப் பார்த்தாலும் அடுத்த கான்டே என்று கிளப்பிவிடுகிறவர்களும் கொஞ்சம் அடங்கலாம்.)

பாஸ் சதவீதமும் (கொடுத்த பாஸ்களில் எத்தனை சரியாகப் போய்ச் சேர்ந்தன என்பது) இதே கதைதான், ஒரு வகையில் இன்னும் மோசம். பக்கவாட்டில் ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரிடம் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் தொண்ணூறைத் தாண்டிவிடலாம். எதிரணியின் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே பந்தைச் செலுத்தி, அவர்களுக்குப் பின்னால் நிற்பவரிடம் சேர்க்கப் பார்ப்பவர் சில முறை தவறத்தான் செய்வார், எண் இறங்கும். ஆட்டத்தை முன்னே நகர்த்துவது அவர்தான். முன்னேற்றும் பாஸ்களைத் தனியாக எண்ணும் வசதி இப்போது எல்லா அணிகளிடமும் உண்டு, உங்களிடமும் இருக்கும். இருந்தும் அறிவிப்புச் செய்தியில் பாஸ் சதவீதத்தைத்தான் போடுகிறீர்கள். உள்ளறையிலும் அப்படித்தானோ என்று சந்தேகம் வருகிறது.

எண்களை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்போம். நடுக்கள ஆட்டக்காரரைப் பந்து வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பந்து இன்னும் சென்டர்பேக்கின் காலில் இருக்கும்போது அவர் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் இந்தத் தலைத்திருப்பலை எண்ணுவதையே பல ஆண்டு வேலையாக வைத்திருக்கிறார். அடிக்கடி சுற்றிப் பார்க்கிறவர்கள் முன்னோக்கிய பாஸ்களை அதிகம் சரியாக முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அப்புறம், பந்தை வாங்கும்போது உடல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, முதல் தொடுதல் ஆபத்தை விட்டு விலகிப் போகிறதா ஆபத்துக்குள்ளேயே போகிறதா, பாஸ் கொடுத்த பிறகு நின்று வேடிக்கை பார்க்கிறாரா நகர்கிறாரா. இவற்றில் பல தொலைக்காட்சி ஒளிபரப்பில் தெரியாது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நாம் பார்க்க வேண்டியவர் படத்துக்கு வெளியே நிற்பார். முழுக் களமும் தெரியும் பதிவை வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் நேரில் போங்கள். போனால் இருபது நிமிடம் பந்தையே பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். கடினம்தான், நானே பத்து நிமிடத்தில் தோற்றுப்போவேன். ஆனால் அதற்குச் சம்பளம் வாங்குவது நீங்கள்.

எந்த ஆட்டத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். சொந்த மைதானத்தில் மூன்று கோல் முன்னிலையில் எல்லோரும் அழகாகத்தான் ஆடுவார்கள். சனிக்கிழமை ஆடிவிட்டுச் செவ்வாய் இரவு வெளியூரில், ஒரு கோல் பின்தங்கி, எதிரணி கோல்கீப்பர் ஒவ்வொரு பந்தையும் நடுக்களத்தைத் தாண்டி உதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் என்ன செய்கிறார்? சாம்பியன்ஷிப் என்பது 46 லீக் ஆட்டம். தலைக்கு மேலே போகிற பந்து எங்கே விழும் என்று மோப்பம் பிடிக்கத் தெரியாதவர், எவ்வளவு நேர்த்தியான கால் இருந்தாலும், பாதி ஆட்டம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலைதான் ஆளைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கால்வின் ஃபிலிப்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. லீட்ஸின் சொந்த அகாடமியில் வளர்ந்தவர், களம் முழுக்க ஓடும் சாதாரண மிட்ஃபீல்டராக இருந்தவர். 2018-ல் பயிற்சியாளராக வந்த பியெல்சா அவரை டிஃபென்ஸுக்கு முன்னால் தனியாக நிறுத்தி, அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வேலையைக் கொடுத்தார். இரண்டே ஆண்டில் லீட்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீக்குக்கு மேலே போனது; பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஃபிலிப்ஸ் இங்கிலாந்துக்கு ஆடினார். 2022-ல் மான்செஸ்டர் சிட்டி 4 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கால் அதே கால், வேலை வேறு. அந்த விலையைக் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கே இப்படி ஆகிறதென்றால், நம் போன்றவர்கள் எத்தனை முறை யோசிக்க வேண்டும்!

மறுபக்கம், பிரென்ட்ஃபோர்டு அணி 2019-ல் இத்தாலியின் ஃபியோரென்டினாவிடமிருந்து நடுக்கள ஆட்டக்காரர் கிறிஸ்டியன் நோர்கோரை வாங்கியதைப் பாருங்கள். அங்கே அவருக்கு ஆட வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை. ஒரு வருட எண்ணை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் அவர் பெயர் வந்தே இருக்காது. ஆனால் பிரென்ட்ஃபோர்டின் அப்போதைய பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க், டென்மார்க்கின் பிரோன்ட்பி அணியில் அவரை ஏற்கெனவே பயிற்றுவித்தவர். எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்றும் தெரியும், அந்த இடத்தில் இந்த ஆள் எப்படி நிற்பார் என்றும் தெரியும். 2021-ல் அணி மேலே போனது, பின்னாளில் அவர் கேப்டனும் ஆனார். நார்விச் 2018-ல் எடுத்த எமி புவென்டியாவும் இப்படித்தான். ஸ்பெயினின் இரண்டாம் அடுக்கிலிருந்து கீழே இறங்கிய அணியில் கடனுக்கு, அதாவது தன் சொந்த அணி தற்காலிகமாக அனுப்பிவைத்து, ஆடிக்கொண்டிருந்தவர். 2020-21-ல் சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

காசு விஷயத்தை நீண்டு பேச விரும்பவில்லை, ஆனால் ஒரு கணக்கு. 60 லட்சம் பவுண்டு கொடுத்து நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை எடுத்தால், ஆண்டுக்கு 15 லட்சம் என்று ஏட்டில் செலவாகும். ஓராண்டில் அவர் சரிப்படவில்லை என்று தெரிந்தாலும் மிச்சம் 45 லட்சம் ஏட்டிலேயே உட்கார்ந்திருக்கும்; அதற்குக் குறைவாக விற்றால் நட்டம், விற்காமல் வைத்தால் சம்பளம். லீக் அனுமதிக்கும் நட்ட வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பர்மிங்ஹாம் சிட்டி 2019 மார்ச்சில் இழந்த 9 புள்ளிகளே சாட்சி. இந்த நெருக்கடியில் அகாடமிப் பையனை விற்கத்தான் முதலில் கை போகும், ஏனென்றால் அவருக்கு வாங்கிய விலை இல்லை, வருகிற காசு அத்தனையும் லாபம். அப்படி விற்று, அந்தக் காசில் இன்னொரு டேக்கிள்காரரை வாங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடனுக்கு எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஓரத்தில் ஆடும் விங்கரைக் கடனுக்கு எடுக்கலாம், அவர் போனால் ஒரு ஓரம்தான் காலியாகும். நடுக்களத்தின் அச்சாணியைக் கடனுக்கு எடுத்தால் மே மாதம் அவர் கிளம்பும்போது ஆட்ட முறையே பெட்டியில் ஏறிப் போய்விடும். ஹடர்ஸ்ஃபீல்டு 2016-17-ல் நடுக்கள ஆட்டக்காரர் ஆரோன் மூயை மான்செஸ்டர் சிட்டியிடம் கடனாக வாங்கி மேலே போனது, அந்தக் கோடையிலேயே அவரை நிரந்தரமாக வாங்கியும் விட்டது. மேலே போனதால் வாங்க முடிந்தது. போகாதிருந்தால்? போன வருடம் நம் கடன் ஒப்பந்தத்தில் வாங்கும் உரிமை இருந்ததா என்று கேட்டவர்களுக்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இரண்டாம் அடுக்கில் பயிற்சியாளர்கள் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஒருவர் இரண்டு பேரை ஜோடியாக நிறுத்துவார், அடுத்தவர் ஒருவரைத் தனியாக நிறுத்துவார். நீங்கள் யாருக்கென்று ஆள் தேடுவீர்கள், பாவம். அதனால்தான் பயிற்சியாளரைக் கேட்டு எழுதாமல் அணி தானே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். ஒரே ஒரு பக்கம் போதும். பந்து நம்மிடம் இருக்கும்போது இந்த ஆள் எங்கே நிற்க வேண்டும், யாரிடமிருந்து வாங்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும். பந்து போனதும் எந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. பக்கத்தில் யார் ஆடுவார். பயிற்சியாளரைத் தேடும்போதும் அதே பக்கத்தை அவர் முன்னால் வையுங்கள்.

அந்தப் பக்கத்தை எழுதிவிட்டு, வெளியே தேடுவதற்கு முன் ஒரு முறை நம் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் அணியின் ஆட்டத்தைப் பாருங்கள். அங்கே நடுவில் ஆடும் பையன் பந்து வருவதற்கு முன் மூன்று முறை திரும்பிப் பார்க்கிறான். நான் எண்ணினேன்.

இப்படிக்கு,
கோலுக்குப் பின்னால் உட்காரும் உங்கள் சீசன் டிக்கெட்காரன்