மறுபடியும் ஆட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் சந்தையைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். கையடக்கக் கன்சோல் (விளையாடுவதற்கென்றே உருவான கருவி), தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கன்சோல், கைபேசி ஆகிய மூன்றையும் ஒரே பந்தயத்தில் நிறுத்தி, உலக கேம் வருவாயில் ஏறத்தாழ பாதியைக் கைபேசி ஈட்டுவதால் அதுவே வென்றுவிட்டது என்று அக்கட்டுரை முடிகிறது. வருவாய்க் கணக்கில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் இந்த மூன்றும் ஒரே பொருளைத்தான் விற்கின்றன என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருப்பது தவறு என்று கருதுகிறேன். 30 ஆண்டுகளுக்கு மேலாக இவற்றை விளையாடியும், வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தும் வருகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆற்றல் மிகுந்த கருவியே வெல்லும் என்ற எண்ணம் இந்தத் துறையில் தொடக்கத்திலேயே பொய்த்துப்போனது. 1989இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய் என்ற கையடக்கக் கன்சோலுக்கு வண்ணத்திரை கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. வெளிச்சம் படும்படி சாய்த்துப் பிடித்தால்தான் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். அதே ஆண்டில் வந்த அட்டாரி லின்க்ஸ், அடுத்த ஆண்டில் வந்த சேகா கேம் கியர் இரண்டிலும் ஒளிரும் வண்ணத்திரை இருந்தது. ஆனால் அவை ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் 15 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவரான குன்பே யோக்கோய், நெடுநாள் புழங்கி விலை மலிந்துபோன தொழில்நுட்பத்துக்குப் புதிய பயன் காண்பதையே தம் கொள்கையாகக் கொண்டிருந்தவர். கையில் எடுத்துச் செல்லும் பொருள் போகிற வழியில் அணைந்துவிடக் கூடாது என்பதை அவர் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கேம் பாய்கள் விற்றன. 1996இல் ஜப்பானில் போக்கிமான் என்ற விளையாட்டு வந்தபோது கேம் பாய் ஏழு வயதான கருவி. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து, இரண்டு சிறுவர்கள் தாங்கள் பிடித்த உயிரினங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு மறுவாழ்வு கொடுத்தது.

கைபேசியும் இந்தக் களத்துக்கு நேற்று வந்ததன்று. 1997இலேயே நோக்கியா 6110 கைபேசியில் பாம்பு விளையாட்டு இருந்தது. 2003இல் அதே நிறுவனம் என்-கேஜ் என்ற பெயரில் கைபேசியையும் கன்சோலையும் ஒன்றாக்கிப் பார்த்தது. ஒரு விளையாட்டை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகுவதற்கு முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்த அந்தக் கருவி நிலைக்கவில்லை. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. அது கொண்டுவந்த மாற்றம் வன்பொருளைச் சார்ந்ததே அன்று. எல்லோர் சட்டைப்பையிலும் ஏற்கெனவே இருக்கிற கருவிக்குள், எந்தக் கடைக்கும் போகாமல், மிகச் சொற்ப விலைக்கோ விலையே இல்லாமலோ ஒரு விளையாட்டு வந்து இறங்கும் என்ற வசதிதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

இதன் விளைவை முன்கூட்டியே உணர்ந்து வெளிப்படையாகப் பேசியவர் நின்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாட்டா. 2011 மார்ச் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கேம் உருவாக்குநர்களின் மாநாட்டில் அவர் உரையாற்றினார்; அதே நேரத்தில் அருகிலேயே இன்னோர் அரங்கில் ஆப்பிள் நிறுவனம் ஐபேட் 2-ஐ அறிமுகம் செய்துகொண்டிருந்தது. கைபேசி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளை நடத்துபவர்களுக்கு விளையாட்டுகளின் எண்ணிக்கை பெருகினால் போதும், ஒவ்வொரு விளையாட்டின் மதிப்பும் காக்கப்பட வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கு இல்லை என்பதே அவர் பேச்சின் சாரம். தோற்கப்போகிறவரின் புலம்பல் என்று அன்று பலர் அதை ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு நடந்ததும் அவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது: பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்த நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் எதிர்பார்த்தபடி விற்காததால், ஆகஸ்டில் அதன் விலையை 15,000 யென்னாகக் குறைக்க நேர்ந்தது, பொறுப்பேற்று இவாட்டா தம் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். விலை இறங்கியதும், ஆண்டு முடிவதற்குள் நல்ல விளையாட்டுகள் சில வந்ததும், கருவி எழுந்து நின்றது. இருந்தாலும் அதற்கு முந்தைய டிஎஸ் 15 கோடியே 40 லட்சம் விற்ற இடத்தில், 3டிஎஸ் தன் ஆயுள் முழுவதிலும் சுமார் 7 கோடியே 60 லட்சமே விற்றது.

அப்படியானால் காணாமல்போன அந்தப் பாதிப்பேர் யார்? தங்கள் கட்டுரை இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கும். டிஎஸ் கருவியை வாங்கியவர்களில் பலர் அதுவரை வீடியோ கேமையே தொட்டிராத பெரியவர்கள். மூளைக்குப் பயிற்சி தரும் சிறு கணக்குகள், நாய்க்குட்டி வளர்ப்பு, புதிர்கள் என்று நாளைக்குப் பத்து நிமிடம் ஆடிவிட்டு மூடி வைத்தவர்கள் அவர்கள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் கைபேசி எடுத்துக்கொண்டது. நீண்ட கதையையும் கடினமான ஆட்டத்தையும் விரும்பியவர்கள் கன்சோலை விட்டு நகரவில்லை. கண்ணாடித் திரையில் வழுக்கும் கட்டைவிரல், அழுத்தினால் உள்ளே போகும் பொத்தானுக்கு ஈடாகாது என்பதும், அந்த விரலே திரையில் பாதியை மறைத்துவிடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே கையடக்கக் கன்சோல் கைபேசியிடம் தோற்றது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, சிறிய, எளிய, சீக்கிரம் முடிந்துவிடும் விளையாட்டுகள் இடம் மாறிப் போயின என்று சொல்வதே பொருத்தம்.

இடம் மாறியதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது. போன இடத்தில் அவை வேறு பொருளாக மாறிவிட்டன. விலையில்லாமல் கொடுக்கப்படும் விளையாட்டு வேறெங்கோ பணம் ஈட்டியாக வேண்டும். அதற்காக விளையாட்டின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும். 2012இல் கைபேசிக்கு வந்த கேண்டி க்ரஷ் சாகாவில் ஒருவருக்கு ஐந்து உயிர்கள், அதாவது தோற்றால் ஒவ்வொன்றாகக் குறையும் ஆட்ட வாய்ப்புகள். இழந்த உயிர் ஒன்று திரும்பி வர 30 நிமிடங்கள். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கட்டலாம். இங்கே விற்கப்படுவது விளையாட்டன்று, காத்திருப்பிலிருந்து விடுதலை. அதே ஆண்டில் ஜப்பானில், சீட்டு எடுப்பதைப்போலப் பணம் கட்டிக் கட்டி ஒரு தொகுதியை நிறைவு செய்தால் அரிய பரிசு கிடைக்கும் என்ற ஏற்பாட்டை அந்நாட்டு அரசின் நுகர்வோர் விவகார அமைப்பே சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. முந்தைய கேம் வடிவமைப்பாளருக்கு இருந்த கவலை, ஆடுபவர் சலித்துப்போய்விடக் கூடாது என்பது. இப்போதைய வடிவமைப்பாளரோ ஆடுபவரை எந்த நொடியில் சலிப்படையச் செய்தால் அவர் பணம் கட்டுவார் என்பதையும் கணக்கிட வேண்டியவராக இருக்கிறார்.

என் அக்காள் மகனுக்கு ஒன்பது வயது. கைபேசியில் மட்டுமே விளையாடிப் பழகியவன். சென்ற விடுமுறையில் அலமாரியில் கிடந்த என் பழைய கேம் பாயில் புதிய பேட்டரிகளைப் போட்டு, கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியைச் செருகி அவனிடம் கொடுத்தேன். சிறிது நேரத்தில் கட்டைகள் உச்சிவரை அடுக்கி நின்று ஆட்டம் முடிந்துவிட்டது. அவன் கருவியை என்னிடம் நீட்டி, "மறுபடி ஆட எவ்வளவு நேரம் வெயிட் பண்ணணும் மாமா?" என்று கேட்டான். காத்திருக்க வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொன்னதும், நம்பாமல் அழுத்திப் பார்த்தான். தோற்றவனைத் தண்டிப்பதும் பிறகு விலை பேசுவதும் விளையாட்டின் இயல்பு என்றே அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்பது அன்று எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது.

ஒருமுறை விலை வாங்கும் பழைய முறையில் கைபேசியிலும் விற்றுப் பார்க்கலாமே என்ற முயற்சிகளும் நடந்தன. 2014இல் வந்த மானுமெண்ட் வேலி என்ற அழகிய புதிர் விளையாட்டு விலைக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கூடுதல் கட்டங்களைத் தனி விலைக்குக் கொடுத்தபோது, இலவசமாகத் தரவில்லையே என்று சினந்து அதற்கு ஒற்றை நட்சத்திரம் இட்டவர்கள் பலர். 2016 டிசம்பரில் நின்டெண்டோவே சூப்பர் மாரியோ ரன் விளையாட்டைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது: முதல் சில கட்டங்கள் இலவசம், பிறகு ஒருமுறை சுமார் 10 டாலர் கட்டினால் முழு விளையாட்டும் உங்களுடையது, அதற்கு மேல் ஒரு காசும் கேட்பதில்லை. கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்டார்கள்; பணம் கட்டியவர்கள் மிகச் சிலரே. வருவாய் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. நேர்மையான விலையை மறுக்கும்படி வாங்குவோரைப் பழக்கியது யார் என்று கேட்டால், விற்பவர்கள், கடை நடத்துபவர்கள், நாம் என மூவரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தாம்.

கன்சோல்களின் பக்கம் நடந்தது வேறு. 2017 மார்ச் 3 அன்று வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், கையில் வைத்தும் தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடத்தக்கதாக இருந்து, கையடக்கக் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் இடையிலிருந்த சுவரையே எடுத்துவிட்டது. அதன் உள்ளே இருந்த என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப் டேப்லெட் போன்ற கருவிகளுக்கென்று உருவான வகையைச் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. கைபேசித் தொழில் வளர்த்த மின்நுட்பத்தையே எடுத்து, அதில் பொத்தான்களையும் கார்ட்ரிட்ஜையும் பொருத்தியபோது கையடக்கக் கன்சோல் மறுபடி தலைநிமிர்ந்தது. யோக்கோயின் கொள்கை அவர் காலத்துக்குப் பிறகும் பலித்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன். 15 கோடிக்கு மேல் விற்ற ஸ்விட்சைத் தொடர்ந்து, கணினி விளையாட்டுகளைக் கையில் வைத்து ஆடத் தரும் ஸ்டீம் டெக் 2022இல் வந்தது. அந்த வழியில் இன்று பல நிறுவனங்கள் இறங்கியிருக்கின்றன. ஆகவே கையடக்கமா, வீட்டுக் கருவியா என்ற பழைய போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒருமுறை பணம் கொடுத்து முழுமையாகப் பெறும் விளையாட்டுக்கும், முடிவே இல்லாமல் பணம் கேட்டுக்கொண்டிருக்கும் விளையாட்டுக்கும் இடையிலான போட்டிதான் மிஞ்சியிருக்கிறது.

இதில் கன்சோல் நிறுவனங்கள் மாசற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. கால்பந்து விளையாட்டுகளில் வீரர்களின் அட்டைகளை, உள்ளே எது இருக்கும் என்று தெரியாத மூடிய பொட்டலங்களாக விற்கும் வழக்கம் கன்சோல்களில்தான் வேரூன்றியது. அத்தகைய பொட்டலங்களைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியம் அறிவித்தது. வாங்கிய பொருள் நம்மிடம் நிலைக்குமா என்பதிலும் இரு பக்கமும் குறை உண்டு. 2017இல் ஆப்பிள் கைபேசிகளின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, அதற்கு மாறிய கருவிகளில், புதுப்பிக்கப்படாத பழைய 32 பிட் விளையாட்டுகள் இயங்காமல் போயின. 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளில் விற்பனை நிறுத்தப்பட்டு, அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லாமல் ஆனது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் விளையாட்டுகளில் சில, கார்ட்ரிட்ஜ் வடிவில் இருந்தும் உள்ளே விளையாட்டு இல்லாமல், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதிக்கும் வெறும் சாவியாகவே விற்கப்படுகின்றன. 1989இன் டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜ் இன்றும் ஓடுகிறது. இந்தச் சாவிகள் இன்னும் 30 ஆண்டுகள் கழித்து எந்தக் கதவைத் திறக்கும் என்று அந்த நிறுவனங்களை நாம் கேட்டாக வேண்டும்.

கைபேசியின் நன்மையையும் மறுப்பதற்கில்லை. தனிக் கருவி வாங்க வசதியில்லாத கோடிக்கணக்கானோர் முதன்முதலாக விளையாட்டை ருசித்தது அதன் வழியாகத்தான். எனவே கைபேசியில் விளையாடாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. தங்கள் நாளிதழில் வெளிவரும் கேம் மதிப்புரைகளில் படத்தின் தரம், கதை, வேகம் ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. அந்த விளையாட்டு பணத்தை எவ்வாறு வாங்குகிறது என்பது பேசப்படுவதே இல்லை. ஒருமுறை விலை கொடுத்தால் முழுவதும் கிடைக்குமா, உள்ளே சீட்டுக் குலுக்கல் போன்ற விற்பனை இருக்கிறதா, காத்திருக்க வைத்துக் காசு கேட்கிறதா, இணையம் இல்லாதபோதும் கடை மூடப்பட்ட பிறகும் அது ஓடுமா என்ற விவரங்களை ஒவ்வொரு மதிப்புரையின் கீழும் நான்கு வரிகளில் அச்சிட்டால், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு விற்பனைக் கணக்குகளைக் காட்டிலும் அது பெரிதும் உதவும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்