மாலை கழட்டுன மறுநாள் அவன் எங்க போவான்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன், அங்கன்வாடில வேலை பாக்கறேன். உங்க பேப்பர்ல டாஸ்மாக் கடைய மூடணும் மாத்தணும்னு நிறைய லெட்டர் வருது, விடாம படிக்கறேன். ஆனா குடிய விட்டுட்டு ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வர்றவன் அன்னிக்கு ராத்திரி எங்க போய் படுப்பான்னு யாரும் எழுதி நான் பாக்கல. அதுக்குத்தான் இந்த லெட்டர். என் பேர் போட வேண்டாம்ங்க, தம்பிக்கு பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க.

தம்பி பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை செஞ்சவன். தருமபுரி, கிருஷ்ணகிரில எந்த ஊருக்கு போனாலும் வீட்டுக்கு ஒரு ஆள் பெங்களூர் கட்டடத்துல இருப்பான், அது உங்களுக்கு தெரிஞ்சதுதான். சனிக்கிழமை சாயங்காலம் கூலி, கூலி வாங்குன கையோட எல்லாரும் ஒண்ணா கடைக்கு போவாங்க, அதுல ஒருத்தன் மட்டும் வரலன்னா அவன் எங்களோட சேர மாட்டேங்கறான்னு பேசுவாங்க. இப்படித்தான் பழகுனான். நாலு வருஷத்துல மூணு வாட்டி சிகிச்சைக்கு சேத்தோம்.

மொத வாட்டி வீட்லயே நிறுத்தறேன்னு நிறுத்திட்டான். ரெண்டாம் நாள் கை கால் நடுங்கி வலிப்பு வந்திருச்சு, சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்தறான். அப்பறம்தான் ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னாங்க, தெனமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, மருந்து குடுத்து பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னு. இத படிக்கற யார் வீட்லயாச்சும் இப்படி ஆள் இருந்தா ரூம்ல போட்டு பூட்டி வைக்காதீங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. எங்க போறதுன்னு தெரியலன்னா 14446-க்கு போன் பண்ணுங்க, காசில்லாத நம்பர்தான்.

ரெண்டாவது வாட்டி தனியார் சென்டர், தொண்ணூறு நாள். மாசா மாசம் கட்டறதுக்கு என் செயின் அடகுக்கு போச்சு. வெளிய வந்தப்ப முகம் அவ்ளோ தெளிவா இருந்துச்சுங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஊருக்குள்ள வர்றதுக்குள்ளயே ரெண்டு பேர் "என்னடா ஆளையே காணோம்"னு தோள்ல கை போட்டாங்க. வீட்டுக்கு வந்தா எங்கப்பா திண்ணைல கிளாஸ வச்சிட்டு உக்காந்திருக்காரு. அவர வெளிய அனுப்ப முடியுமா, அவர் வீடுதான அது. பதினோராவது நாள் தம்பி குடிச்சிட்டான். தம்பி பொண்டாட்டி அன்னிக்கே புள்ளைங்கள கூட்டிட்டு அம்மா வீட்டுக்கு போயிட்டா, நான் அவள தப்பு சொல்ல மாட்டேன். ஊர்ல எல்லாரும் இவன் திருந்தாத ஜென்மம்னு சொன்னாங்க. எனக்கு அப்படி தோணல. தொண்ணூறு நாள் இருந்தவனுக்கு மனசுல உறுதி இல்லன்னு எப்படி சொல்றது, அவன கொண்டு போய் விட்ட எடம்தான் தப்பு, விட்டது நான்தான்.

மூணாவது வாட்டி போன ஐப்பசி கடைசில டிஸ்சார்ஜ் ஆனான். வீட்டுக்கு வராம நேரா காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குருசாமிகிட்ட போய் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டுக்கிட்டான். நம்ம ஊர்ல குடிகாரங்க மாலை போடறது புதுசில்ல. நாப்பத்தெட்டு நாள் சொட்டு தொட மாட்டாங்க, மலைக்கு போயிட்டு வந்து மாலை கழட்டுன அன்னிக்கே கடைல நிப்பாங்க, நாமளும் சிரிச்சிட்டு போயிடறோம். நான் இந்த வருஷம்தான் உக்காந்து யோசிச்சு பாத்தேன், அந்த நாப்பத்தெட்டு நாள் மட்டும் அவங்களால எப்படி இருக்க முடியுதுன்னு. பக்தி இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதோட, விடிகாலைல எழுப்பி விட ஆள் இருக்கு, பச்சத்தண்ணில குளிக்க கூட நாலு பேர் இருக்காங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு, குடிக்கறவனுக்கு கை அரிக்கற அந்த நேரத்துல, பஜனைல உக்காரணும். எவனும் சரக்கு வாங்கி குடுக்க மாட்டான். நேத்து வரைக்கும் குடிகாரன்னு கூப்புட்ட வாய் இன்னிக்கு சாமின்னு கூப்புடுது. இதெல்லாம் நாப்பத்தொம்பதாவது நாள் ஒரேயடியா போயிடுது. அப்ப அவன் மறுபடியும் தனி ஆள்.

எங்க குருசாமி பெரிய மனசு பண்ணாரு. மாலைய கழட்டுனாலும் இங்கயே இரு, மடத்த கூட்டிப்போடு, வேலைக்கு போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்துருன்னு சொல்லி பஜனை மடத்துலயே படுக்க வச்சுக்கிட்டாரு. இப்ப ஆடி மாசம். எட்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க, தொடல. பக்கத்துல மாம்பழக்கூழ் கம்பெனில சீசன் வேலை பாத்தான், இப்ப ஒரு ஒர்க் ஷாப்புல இருக்கான். ஞாயித்துக்கிழமை புள்ளைங்கள போய் பாத்துட்டு வர்றான்.

நான் கேக்கறது இந்த மாதிரி ஒரு வீட்டத்தான், மாவட்டத்துக்கு ரெண்டு மூணாச்சும் வேணும். ஆஸ்பத்திரிக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவுல ஆறு மாசமோ ஒரு வருஷமோ இருந்துட்டு போற வீடு. இது ஒண்ணும் என் கற்பனை இல்ல. அமெரிக்கால மேரிலேண்டுல 1975-ல குடிய விட்டவங்க சில பேரே சேந்து ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்னு ஒரு வீடு ஆரம்பிச்சாங்க. வாடகைய பங்கு போட்டுக்குவாங்க, கணக்க அவங்களே பாத்துக்குவாங்க, குடிச்சா வெளிய போகணும், அவ்ளோதான் சட்டம். சிகிச்சை முடிச்ச 150 பேர ரெண்டு பாதியா பிரிச்சு, ஒரு பாதிய அந்த வீடுகளுக்கும் இன்னொரு பாதிய எப்பவும் போலவும் அனுப்பி, ரெண்டு வருஷம் கழிச்சு பாத்ததுல, அந்த வீடுகளுக்கு போனவங்கள்ல நூத்துக்கு 31 பேர்தான் திரும்ப போதைக்கு போயிருந்தாங்க, மத்தவங்கள்ல நூத்துக்கு 65 பேர். 2006-ல வந்த ஆராய்ச்சி அது. மருந்து அதே மருந்துதான், படுக்கற எடம் மட்டும்தான் வேற.

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு. 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல குடி, போதையால வர்ற மனக்கோளாறும் மனநோய்க்குள்ளதான் வருது. பாதி வழி இல்லங்களும், அதாவது நான் சொல்ற மாதிரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுல தங்கற வீடுகளும், அரசாங்கம் ஏற்பாடு பண்ண வேண்டிய சேவைல ஒண்ணுன்னு 18-வது பிரிவு சொல்லுது. வீட்ல சேத்துக்கலங்கறதுக்காகவோ வெளிய தங்க வசதி இல்லங்கறதுக்காகவோ ஒருத்தர ஆஸ்பத்திரிலயே வச்சிருக்க கூடாதுன்னு 19-வது பிரிவுல இருக்கு. அப்ப அந்த வசதி வெளிய இருக்கணும்ல? 2025-ல கலங்கரைன்னு பேர் வச்சு அரசு ஆஸ்பத்திரிகள்ல போதை மீட்பு மையம் தொறந்தாங்க, நல்ல காரியம், மனசார சொல்றேன். ஆனா அங்க இருந்து வெளிய வர்றவன் பழைய பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்து எறங்கறான்.

குடிகாரனுக்கு எதுக்கு அரசாங்க காசுல வீடுன்னு கேப்பாங்க. டாஸ்மாக்ல 2023-24 ஒரு வருஷத்துக்கு மட்டும் 45,000 கோடிக்கு மேல வருமானம் வந்திருக்கு. அதுல என் தம்பி குடுத்ததும் இருக்கு, அந்த குடிய நிறுத்தத்தான் என் செயினும் போச்சு. அதுவும் இல்லாம, ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி நம்ம ஓசூர் பக்கம்தான், 1937-ல அவர் மொதல்ல மதுவிலக்கு கொண்டு வந்த சேலம் மாவட்டத்துக்குள்ளதான் அன்னிக்கு நம்ம தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இருந்துச்சு. ஒரு நல்ல காரியத்த மொதல்ல இங்க ஆரம்பிக்கறது நமக்கு பழக்கம்தான்.

இலவசமாவும் கேக்கல. தருமபுரி டவுனுக்கு வெளிய மூணு ரூம் உள்ள வீடு, எட்டு பேர், வேலைக்கு போறவங்க வாடகைய பங்கு போட்டு குடுத்துருவாங்க. மொத மூணு மாச வாடகையும் அட்வான்ஸும் அரசாங்கம் குடுத்தா போதும். குடிய விட்டு சில வருஷம் ஆன ஒருத்தர் அங்கயே தங்கி பாத்துக்கணும், அவருக்கு சம்பளம் குடுக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரில இருந்து கவுன்சிலர் வரணும். யாராச்சும் குடிச்சிட்டா தெருவுல விடாம திரும்ப ஆஸ்பத்திரில சேக்கணும். வேலை இருக்கற ஊரா இருக்கணும், கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஓசூர்னா ரொம்ப நல்லது. பக்கத்துல கடை இருக்க கூடாது. பொம்பளைங்களுக்கும் தனியா ஒண்ணு வேணும், அவங்க கஷ்டம் வெளிய வர்றதே இல்ல. ஆனா அரசாங்கம் அட்வான்ஸ் குடுத்தாலும் வீடு கெடைக்கணுமே. தம்பிக்காக நாங்க ஏறி எறங்குன எடத்துல எல்லாம் தனியா இருக்கற ஆம்பளைக்கு வீடு இல்லன்னாங்க, உண்மைய சொன்ன ஒரு எடத்துல கேட்டையே சாத்திட்டாங்க. அதனால கலெக்டர் ஆபீஸ்ல இருந்தே பேசி எடுத்து குடுத்தாத்தான் நடக்கும்.

அவசரமா எழுத காரணம் இருக்குங்க. மடத்த இடிச்சு கட்டப்போறாங்க, ஆவணி ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணணும். குருசாமி மேல குத்தம் இல்ல, அவர் வீட்லயே எடம் இல்ல. எனக்கு இருக்கறது ஒரே ரூம், வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா. தம்பி பொண்டாட்டி இன்னும் ஆறு மாசம் போகட்டும்ங்கறா. எங்கப்பா இன்னும் அதே திண்ணைலதான் உக்காந்திருக்காரு. நேத்து ராத்திரி தம்பி போன் பண்ணி, ஆவணிக்கு அப்பறம் நான் எங்கக்கா போறதுன்னு கேட்டான். ரெண்டு நாள்ல சொல்றேன்டான்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு
ஒரு அக்கா
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்