20-ஆம் தேதி எனக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் இருபத்திரண்டு வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், என்னையும் சேர்த்து ஆறு பேர். தொழில் தொடங்க ஒற்றைச் சாளரம், உடனடி அனுமதி என்று அடிக்கடி செய்தி படிக்கிறேன். நல்லதுதான். தொடங்கியதை ஓட்டிக்கொண்டிருப்பவன் பாட்டையும் கொஞ்சம் போடுங்கள்.

சென்ற ஆண்டு மார்ச்சில் ஓர் உள்ளாட்சி அமைப்பின் நீரேற்று நிலையத்துக்குக் குழாய் ஃபிளாஞ்சுகள் (குழாய்களை இணைக்கும் இரும்பு வளையங்கள்) செய்து கொடுத்தேன். பில் 4 லட்சம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72,000. இரும்புக் கடையில் ஏற்கெனவே கொடுத்த வரி 36,000-ஐக் கழித்துக்கொண்டு, மீதி 36,000-ஐ ஏப்ரல் 20-க்குள் கட்டியாக வேண்டும். வாங்கியவர் எனக்குக் காசு கொடுத்தாரா என்று அந்தக் கணக்கில் யாரும் கேட்பதில்லை. பில் போட்டால் வரி, அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கட்டினேன்.

பணம் வந்தது நவம்பரில். நடுவில் 'ஃபண்டு வரலீங்க' என்றார்கள். அப்புறம் பொறியாளர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஆடிட்டில் மாட்டப்போவது அவர்தானே. ஆனால் பட்டறையில் சனிக்கிழமை ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆட்களிடம் போய் ஆடிட் கதை சொல்ல முடியுமா?

நான் அந்த 36,000-ஐ ஏழு மாதம் கழித்துக் கட்டியிருந்தால், வருடத்துக்கு 18 சதவீதம் வீதம் 3,780 ரூபாய் வட்டி; ரிட்டர்ன் தாக்கல் செய்யாததற்குத் தாமதக் கட்டணம் தனி. என் 4,72,000-ஐ அவர்கள் வைத்திருந்ததற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் முறையிட்டால் 90 நாளில் தீர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கேட்க இனிப்பாக இருக்கிறது. முறையிட்டவனுக்கு அடுத்த டெண்டரில் என்ன நடக்கும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நானும் போகவில்லை, தைரியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2023-24 கணக்கிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிடி போட்டார்கள். சரக்கு வாங்கியவர் 45 நாள் கெடு தாண்டி, வருடக் கடைசியிலும் சிறு தொழிலுக்குப் பாக்கி வைத்தால், அந்தச் செலவை அவர் அந்த வருட வருமானத்தில் கழிக்க முடியாது; அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். இது வேலை செய்கிறது. மார்ச் கடைசி வாரம் தனியார் கம்பெனிக்காரர்களே போன் பண்ணி, 'ஏனுங்க, பாக்கி எவ்வளவு நிக்குதுங்க?' என்று கேட்கிறார்கள். (சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன் என்ற ஆளும் உண்டு.) உள்ளாட்சி அமைப்புக்கு வருமான வரிக் கவலையே கிடையாது, அதனால் இந்தப் பிடி அங்கே பிடிக்காது.

நான் கேட்பது சின்ன விஷயம். அரசுத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் சரக்குக் கொடுக்கும் சிறு தொழில்களாவது, பணம் கைக்கு வந்த மாதத்தில் ஜிஎஸ்டி கட்டலாம் என்று வையுங்கள். நடக்காத காரியம் இல்லை. சேவை வரிக் காலத்தில், 2012-லிருந்து, 50 லட்சம் வரை சேவை வழங்கிய தனிநபர்களுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் இதே சலுகை இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது.

போன வாரம் அதே அலுவலகத்திலிருந்து மறுபடியும் கொட்டேஷன் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, லேத் சும்மா நிற்கிறது. ஏழு மாத வட்டியையும் விலையிலேயே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.