ரெக்கவரி பட்டனை அமுக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற லேப்டாப் நிறுவனங்கள் எல்லாம் ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று நிம்மதியாகிவிடும். இந்த விஷயத்தில் உங்களில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். என் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த புகாரை உங்கள் சேவை மையம் போன வாரம் ‘தீர்வு காணப்பட்டது’ என்று குறித்து மூடியிருக்கிறது. ரெக்கவரி (லேப்டாப்பை வாங்கிய அன்றைய நிலைக்குத் திருப்புவது) போட்ட பிறகு விண்டோஸ் அப்டேட் எதுவும் ஏறவில்லை என்பதுதான் புகார். ரெக்கவரி முடிந்துவிட்டது, லேப்டாப் ஆன் ஆகிறது, ஆகவே தீர்வு. அப்டேட்டா? அது மைக்ரோசாஃப்ட் சமாசாரமாம்.

பழைய கதையெல்லாம் புகார் எண்ணைத் தட்டினால் உங்களுக்கே வந்துவிடும். நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் விற்ற ஒவ்வொரு மாடலுக்கும், அதில் ஓடக்கூடிய கடைசி விண்டோஸ் பதிப்போடு, போதிய இடமுள்ள பார்ட்டிஷன்களோடு (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்), புதுப்பித்த ரெக்கவரி இமேஜை (ரெக்கவரியில் போடப்படும் விண்டோஸ் நகல்) உங்கள் தளத்தில் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள்.

லேப்டாப் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது என்று உங்கள் படிவத்தில் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு மேசை, ஒரு பிரின்டர், இந்த லேப்டாப். இவ்வளவுதான் அந்த அக்காவின் கடை. பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், வேலைவாய்ப்பு விண்ணப்பம் என்று வருகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பார். லேப்டாப் 2018ல் வாங்கியது, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரன்ட் போய் வந்த ஒரு நாள் விண்டோஸ் எழவில்லை. உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ரெக்கவரி பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார்.

லேப்டாப் எழுந்தது, வாங்கிய அன்றைய கோலத்தில். விண்டோஸ் 10, பதிப்பு 1803. 2018 ஏப்ரலில் வந்து, ஹோம் பதிப்புக்கு 2019 நவம்பரோடு ஆதரவு முடிந்துபோன பதிப்பு. கூடவே பழைய எட்ஜ் பிரவுசர். மைக்ரோசாஃப்டே 2021 மார்ச்சில் கைகழுவிய அதில், அவருக்கு வேண்டிய தளங்கள் பாதி திறந்து பாதியில் நின்றன. ஆன்டிவைரஸின் 30 நாள் டிரயல் மட்டும் கொஞ்சமும் வாடாமல், புத்தம் புதிதாக மூலையில் வந்து நின்று பணம் கட்டச் சொன்னது. உங்கள் ரெக்கவரியில் எந்தப் பழுதும் இல்லாமல் திரும்பி வருவது அது ஒன்றுதான்.

அங்கிருந்து விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 வரை ஏற வேண்டும். இறக்க வேண்டியது நாலு ஜிபிக்குப் பக்கம் இருக்கும். அவரிடம் இருப்பது செல்போன் ஹாட்ஸ்பாட், நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. இரவில் அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுப்பார். காலையில் பார்த்தால் அன்றைய நெட் தீர்ந்திருக்கும். மேசைக்கு முன்னால் ஆள் நிற்கும்போது விண்ணப்பத்தை அனுப்ப டேட்டா இருக்காது, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஹாட்ஸ்பாட் கேட்க வேண்டும். அவரும் எத்தனை தடவைதான் கொடுப்பார்? எப்படியோ முழுதும் இறங்கியது. இன்ஸ்டால் ஆவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, ‘தோல்வி’ என்று நின்றது.

மறுபடி உங்கள் உதவி எண். அங்கே சொன்ன வைத்தியம்: அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு, ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். எந்த அப்டேட் கோளாறுக்கும் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். இறங்கிய கோப்புகள் எல்லாம் இருப்பதும் அந்த ஃபோல்டரில்தான். பெயரை மாற்றினால் விண்டோஸ் புது ஃபோல்டர் போட்டுக்கொண்டு பூஜ்யத்திலிருந்து இறக்க ஆரம்பிக்கும். நாள்கணக்கில் சேர்த்த டேட்டா ஒரு பெயர் மாற்றத்தில் போயிற்று. இத்தனைக்கும் கோளாறு அந்த ஃபோல்டரில் இல்லவே இல்லை. போனில் பேசிய பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்த தாளில் எழுதியிருந்ததைத்தான் அவர் படித்தார். அந்தத் தாளை எழுதியவர்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம்தான் லேப்டாப் என் கடைக்கு வந்தது. ‘சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை’ என்றது செட்டப். அது சொல்வது, விண்டோஸை எழுப்பும் பூட் கோப்புகள் இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை. திறந்து பார்த்தேன். மொத்தமே 100 எம்பி. அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தவை உங்கள் சொந்த பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கோப்புகள். போட்டு முடித்ததை அழிக்க வேண்டும் என்று உங்கள் அப்டேட்டருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும். ரெக்கவரியும் சி டிரைவை மட்டும்தான் துடைத்தது, இந்தக் குப்பையைத் தொடவில்லை. இதற்கு மைக்ரோசாஃப்ட் காட்டும் வழி, மறைந்திருக்கும் அந்தப் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து (ஒரு டிரைவாகத் தெரியவைத்து), பூட் திரைக்கான எழுத்துருக் கோப்புகளை அழித்து இடம் உண்டாக்குவது. செய்தேன். தாலுகா ஆபீஸ் எதிரே விண்ணப்பம் நிரப்பும் ஒரு லேப்டாப், ஒரு அப்டேட் ஏறுவதற்காகத் தன் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களைக் காவு கொடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த அந்தச் சில எம்பியில்தான் 22ஹெச்2 ஏறியது.

இது ஒரு லேப்டாப்போடு முடிகிற கதையாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கேபி5034441 நினைவிருக்கிறதா? 2024 ஜனவரி 9ல் வந்தது. டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்காமல் காக்கும் பிட்லாக்கர் பூட்டைத் தாண்டிப்போக வழிவிட்ட ஓட்டையை அடைப்பதற்காக, ரெக்கவரி பார்ட்டிஷனில் இருக்கும் விண்டோஸ் ஆர்ஈயை (விண்டோஸ் எழாதபோது பழுதுபார்க்கும் சிறு விண்டோஸ்) புதுப்பிக்கிற அப்டேட். அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் கேட்டது. பல கம்பெனி லேப்டாப்களில் அவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கவில்லை. ‘இடம் போதவில்லை’ என்று காட்டியிருந்தாலாவது புரிந்திருக்கும். 80070643 என்ற பொதுவான தோல்வி எண்தான் வந்தது. தவறான செய்தி காட்டப்படுகிறது என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. சில மாதங்கள் கழித்து, இதற்குத் தானாகச் சரியாகும் தீர்வு எதுவும் வராது, கையால்தான் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

கையால் என்றால் என்ன என்று உங்கள் அதிகாரிகளில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் விண்டோஸ் ஆர்ஈயை நிறுத்த வேண்டும். டிஸ்க்பார்ட் என்ற கருவியில் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து, புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். அதற்கு 32 இலக்க அடையாள எண் ஒன்றைப் பிசகாமல் அடிக்க வேண்டும். ஃபார்மட் செய்து மறுபடி விண்டோஸ் ஆர்ஈயை ஓடவிட வேண்டும். நடுவில் பார்ட்டிஷன் எண் ஒன்று மாறிப்போனால் வேறு எதையோ அழித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்கு முன்னால் போடப்பட்ட டிஸ்க் என்றால் இந்த வழியும் அப்படியே உதவாது. பள்ளிக்கூட டீச்சரும் மளிகைக்கடைக்காரரும் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்துகொள்வார்கள் என்பது ஏற்பாடு.

சரி, நாங்கள் செய்து கொடுக்கிறோம். செய்தால் அப்டேட் ஏறும். ஆனால் பார்ட்டிஷனை அழித்துப் புதிதாகப் போட்டதால், பல மாடல்களில் உங்கள் ரெக்கவரி பட்டன் அதோடு செத்துவிடும். பட்டன் திரும்ப வேண்டுமென்றால் உங்களிடம் பணம் கட்டி யுஎஸ்பி ரெக்கவரி வாங்கி, முழு டிஸ்க்கும் போட வேண்டும். போட்டால் பார்ட்டிஷன் மறுபடி ஆலையில் வைத்த பழைய அளவுக்கே வந்து நிற்கும், அப்டேட் மறுபடி ஃபெயில். பாதுகாப்பு வேண்டுமா, ரெக்கவரி வேண்டுமா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்கும் நிலைமையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால்தான் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறேன்: ரெக்கவரி இமேஜைப் புதுப்பியுங்கள்.

‘மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் புது விண்டோஸ் போட்டுவிட வேண்டியதுதானே’ என்று உங்கள் பொறியாளர் ஒருவருக்குத் தோன்றும். போடலாம், போடுகிறோம். லைசன்ஸ் கீ பயாஸிலேயே இருப்பதால் ஆக்டிவேஷனும் தானாக ஆகிவிடும். பிறகு டச்பேட் இரண்டு விரல் ஸ்க்ரோலை மறந்துவிடும், பிரைட்னஸ் பட்டன்கள் எதற்கும் அசையா. டிரைவருக்கு உங்கள் தளத்துக்குப் போனால் அதே 1803 காலத்துக் கோப்புகள், இல்லாவிட்டால் ‘இந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது’. அதுவும் போகட்டும். நான் போடுவது வேறு, வாங்கியவர் தானே போட்டுக்கொள்வது வேறு. ஏதாவது கோளாறு என்றால் பட்டனை அமுக்கு என்று கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தது நீங்கள். விண்டோஸே மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து நேரடியாகப் புது நகலை இறக்கி ரீசெட் செய்துகொள்ளும் வசதி 2020ல் வந்த, ‘2004’ என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்துதான் உண்டு. உங்கள் பட்டன் கொண்டுபோய் விடுவது அதற்கு முந்தைய பதிப்பில்.

மைக்ரோசாஃப்டைக் கேளுங்கள் என்கிறீர்கள். லேப்டாப்போடு சேர்ந்து வந்த விண்டோஸுக்கு ஆதரவு தர வேண்டியது தயாரிப்பாளர் என்று அவர்கள் கை காட்டுகிறார்கள். நடுவில் நிற்பது அந்த அக்கா.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் எரிச்சல். விண்டோஸ் 7 அப்டேட்டுகளை, அவை அசல்தான் என்று காட்டும் எஸ்ஹெச்ஏ-2 என்ற புது டிஜிட்டல் கையொப்பத்துக்கு மாற்றினார்களே 2019ல், அதன் பிறகு ஃபேக்டரி ரெக்கவரி போட்ட ஒவ்வொரு விண்டோஸ் 7 லேப்டாப்பும் இப்படித்தான் முழித்தது. புதுக் கையொப்பத்தைப் படிக்கச் சொல்லித்தரும் இரண்டு அப்டேட்டுகளைத் தனியாக இறக்கி முதலில் போட வேண்டும், அப்புறம்தான் மற்றவை ஏறும். அன்றைக்கும் உங்கள் இமேஜ் பழையபடியேதான் கிடந்தது. நாங்கள்தான் அந்த இரண்டையும் பென் டிரைவில் சுமந்துகொண்டு திரிந்தோம்.

இப்போது அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதற்குமேல் தனிநபர்களுக்கு ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு தருகிறார்கள். அதில் சேர 22ஹெச்2 பதிப்பில் இருக்க வேண்டும். 1803ல் மாட்டிக்கொண்ட லேப்டாப் அந்த வாசலுக்கே போக முடியாது. அக்காவின் லேப்டாப்பில் இருப்பது 7ஆம் தலைமுறை பிராசசர் என்பதால் விண்டோஸ் 11ம் முறைப்படி கிடையாது. இன்னொன்று, நம்பகமான மென்பொருளை மட்டுமே பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் தொடங்கிக் காலாவதியாகின்றன. பழைய சான்றிதழைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்ட கணினியில், அந்தச் சான்றிதழை நம்பியிருக்கும் பழைய பூட் மேனேஜரோடு (விண்டோஸை எழுப்பும் நிரல்) உள்ள உங்கள் யுஎஸ்பி ரெக்கவரி பூட்டே ஆகாது. அப்போதும் புகாரைத் ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடுவீர்களா, அதற்கென்று வேறு சொல் வைத்திருக்கிறீர்களா?

புது லேப்டாப் வாங்கிக்கொள்ளலாமே என்று உங்கள் சேவை மையத்தில் அந்த அக்காவுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் சலுகையாம். பிரசுரத்தைப் படித்துப் பார்த்தேன். ஏஐ, ஏஐ என்று வரிக்கு வரி இருக்கிறது. கீபோர்டில் அதற்கென்று தனி பட்டனே வைத்துவிட்டீர்கள், 512 ஜிபி டிஸ்க் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ரெக்கவரி பார்ட்டிஷன் எவ்வளவு என்று மட்டும் எங்கும் இல்லை. கேட்டதை எல்லாம் செய்து கொடுக்கும் கணினி என்கிறீர்கள். தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளச் சொல்லிப் பாருங்களேன்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். ஒவ்வொரு மாடலுக்கும் புதுப்பித்த ரெக்கவரி இமேஜ் தளத்தில் இருக்கட்டும், வாரன்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகவே இருக்கட்டும். ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு ஒரு ஜிபியாவது ஒதுக்குங்கள். பயாஸ் அப்டேட் முடிந்ததும் உங்கள் கோப்புகளை நீங்களே ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உதவி எண்ணில் இருப்பவர்களின் தாளில், ஃபோல்டர் பெயரை மாற்றச் சொல்வதற்கு முன்னால் இந்த இரண்டு பார்ட்டிஷன்களிலும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

மாடல் எண், சீரியல் எண், பிழை வந்த திரையின் படங்கள் எல்லாம் மூடப்பட்ட அந்தப் புகாரிலேயே இணைத்திருக்கிறேன். அதைத் திறக்க உங்களால் மட்டும்தான் முடியும். தயவுசெய்து திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லேப்டாப்களைப் பிரித்துப் பூட்டும் கடைக்காரன்