மருத்துவிச்சி நகைப்புக்குரியவர் அல்லர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

பிள்ளைப்பேற்றையும் நாட்டு மருத்துவிச்சிமாரையும் பற்றிய பரிசோதனை நாடகத்துக்குத் தங்கள் ஞாயிறு இதழ் எழுதிய விமர்சனத்தில், மருத்துவிச்சி கைகளுக்கு நல்லெண்ணெய் பூசும் காட்சி ‘கிழவியின் நகைச்சுவைப் பகுதி’ எனக் குறிக்கப்பட்டிருந்ததை வாசித்து மனம் நொந்தேன். நானும் அன்று பாயில் இருந்து பார்த்தவள். ஓர் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் ஆறு பெண்கள் மூச்சினாலேயே நோவைக் காட்டிய அந்த அரைமணி நேரத்தில் எவரும் சிரிக்கவில்லை. 1978 இல் நாடக அரங்கக் கல்லூரி தோன்றிய யாழ்ப்பாண மண்ணில் அரங்கை எப்படிப் பார்ப்பதென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அம்மம்மா மருத்துவிச்சி. எந்தச் சாமத்தில் ஆள் வந்தாலும், நகங்களை ஒட்ட வெட்டிக் கையைத் தேய்த்துக் கழுவிய பின்பே புறப்படுவார். வயிற்றைத் தடவிப் பார்த்துப் பிள்ளை குறுக்கே கிடப்பதாகக் கண்டால் தான் தொடாமல், வண்டில் கட்டுவித்து இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். 1898 இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியை அவர் ஒருநாளும் பகையாக நினைத்ததில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் பிரசவ வைத்தியத்தைத் தமிழில் தந்ததை இன்றுவரை போற்றுகின்ற நாம், ஏட்டில் ஏறாத கையறிவை மட்டும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிடுகிறோம்.

நடுச்சாமத்தில் அவரைப் பேற்றறைக்குள் கூட்டிச் சென்ற வீடுகளிலேயே, 31 ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் அவர் முற்றத்தில் நின்றுதான் அரிசியும் சேலையும் வாங்கினார். தண்ணீர் சிரட்டையில் வந்தது. அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போது எட்டு வயது.

1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி இடம்பெயர்ந்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது எனக்கு நிறைமாதம். மூன்றாம் நாள் கொடிகாமத்தில், ஓடு ஒழுகிய வகுப்பறையொன்றில், வாங்குகளைச் சேர்த்துச் சேலையால் மறைத்து என் மகளைக் கையேந்தியவர் எங்களோடு இடம்பெயர்ந்து வந்த, பேர் தெரியாத ஒரு மருத்துவிச்சி. புது பிளேட்டைக் கொதிநீரில் போட்டெடுத்தே கொடியை அறுத்தார். இளங்கொடி (நஞ்சு) தானாக விழும்வரை எவரையும் இழுக்க விடவில்லை. விடியற்புறம் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தந்துவிட்டுத் தன் பிள்ளைகளைத் தேடிப் போனவரை நான் பிறகு காணவேயில்லை.

அந்தக் கைகளைத்தான் தங்கள் பத்திரிகை நகைச்சுவை என்றது. அடுத்த இதழில் ‘கிழவி’ என்பதை ‘மருத்துவிச்சி’ எனத் திருத்தி ஒரு வரி வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மருத்துவிச்சி ஒருவரின் பேத்தி,
ஏழாலை.