ஸ்பானரைக் கொடுப்பதற்கு முன்: பாடம் எடுக்கப் போகும் என் மாணவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

காட்பாடியில் உள்ள உன் ஷெட்டை வாரத்தில் மூன்று நாள் முற்பகலில் மூடிவிட்டு, நம் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆட்டோமொபைல் பாடம் எடுக்க வரும்படி பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் கேட்டதாகவும், நீயும் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னாய். மகிழ்ச்சி. அவர்கள் தரும் தொகுப்பூதியம் உனக்கு ஒரு பொருட்டல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் போனை வைப்பதற்கு முன், "அந்தப் பழைய கார்பரேட்டர்களை எடைக்குப் போட்டுவிடலாமா சார்?" என்று கேட்டாய் அல்லவா, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் அந்தக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தையில் பதில் சொல்ல இயலாமல்தான் இதை எழுதுகிறேன். பட்டறையிலிருந்து வகுப்பறைக்குப் போகும் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, புதிதாக விற்பனையாகும் பைக்குகளும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் பெட்ரோலை மின்னணு முறையில் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. ஐடிலிங் ஸ்குருவைத் திருகி, காதால் கேட்டு டியூனிங் செய்த காலத்தின் வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வரும் பையன், செக் இன்ஜின் விளக்கு எரியும் வண்டியின் முன் கைகட்டி நிற்பான். இருந்தாலும் கார்பரேட்டரை எறியாதே. குறுகிய தொண்டை வழியாகக் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அதனால் ஜெட் எனும் சிறு துளையில் பெட்ரோல் மேலேறுகிறது என்பதைக் கண்ணால் காட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் கணக்கைப் பித்தளைத் துளைகளால் போட்டதை இப்போது சென்சார்களும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் கணினியும் போடுகின்றன. அந்தப் பெட்டியைப் பிளந்து காட்டினாலும் மாணவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. முதலில் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் காட்டு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஏன் வேண்டும் என்று அவனே சொல்லட்டும். அதன் பிறகு வெப்பநிலை சென்சாரைக் கையில் கொடு.

நீ படித்துவிட்டுப் போன பிறகு நடந்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சக ஆசிரியை ஒருவரின் ஸ்கூட்டரில் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும். இருபது மாணவர்கள் சூழ்ந்து நிற்க, சற்றும் யோசிக்காமல் "பேட்டரி போய்விட்டது" என்றேன். அவர் புதுப் பேட்டரி வாங்கினார். சரியாகவில்லை. ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை விடும் ரிலேயை மாற்றினோம், அதுவும் பயனில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றி மேசைமேல் வைத்திருந்தபோது, பின்வரிசையில் இருந்த அணைக்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், "எர்த் பார்த்தீங்களா சார்?" என்றான். மோட்டாரை மாட்டி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் உடலிலும் வைத்துப் பட்டனை அழுத்தச் சொன்னேன். நல்ல இணைப்பாக இருந்தால் அரை வோல்ட்டைக்கூடத் தொடக் கூடாத முள், இரண்டைத் தாண்டி நின்றது. பேட்டரியின் நெகட்டிவை வண்டி உடலோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து முறுக்கியதும் முதல் அழுத்திலேயே வண்டி எடுத்தது. பேட்டரிக்கான பணத்தை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில் ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதல் மாதம் யாருக்கும் ஸ்பானர் கிடையாது. வண்டியில் என்ன கோளாறு என்று நினைக்கிறாய், அது சரியா என்று கழற்றாமலே எப்படி உறுதி செய்வாய் என இரண்டு வரி நோட்டில் எழுதிய பிறகுதான் டூல் பெட்டி திறக்கும். பையன்கள் முணுமுணுப்பார்கள். மாலையில் ஷெட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் அதிகமாக முணுமுணுப்பார்கள், ஏனென்றால் அவர்கள் கை ஏற்கெனவே பழகிவிட்டது. பழகிய கைதான் அவசரப்படும். நீயும் அப்படித்தான் இருந்தாய்.

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததால் இந்தப் பிரிவுக்குத் தள்ளப்பட்டதாக நினைத்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். 1978-இல் மேல்நிலைக் கல்வியோடு சேர்ந்தே வந்த பிரிவு இது என்றாலும், அந்தப் பார்வை மாறவில்லை. அவர்களிடம் கணக்கைக் கணக்கு என்று சொல்லாதே. இன்ஜின் வால்வுக்கு மேலுள்ள டேப்பட் இடைவெளியைப் பீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடுகளால் பார்க்கச் சொல். நோட்டுத் தாளின் தடிமன் அளவே உள்ள இடத்தைக் கைவிரல் உணரும்போது, தசமப் புள்ளி மேல் இருந்த பயம் போய்விடும். தேர்வுத்தாளில் வணரித்தண்டு என்று எழுதட்டும், மேசையில் கிராங்க் என்று சொல்லட்டும், இரண்டும் ஒன்றே என்று நீ மட்டும் மறக்காமல் சொல்லிவிடு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றை அறுக்கச் சொன்னால் வீட்டில் வருத்தப்படுவார்கள்; சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்ட பிறகே ஓடும் இன்ஜின் அருகே விடு.

பெற்றோர்கள் உன்னிடம் வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள். ராணிப்பேட்டையில் ஆம்பியர் மின் ஸ்கூட்டர் ஆலை 2021-இலேயே வந்துவிட்டது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதே. மின் ஸ்கூட்டரில் ஜெட்டும் இல்லை, பிளக்கும் இல்லை. ஆனால் களிம்பேறிய இணைப்பு அங்கேயும் உண்டு, மீட்டர் பிடிக்கத் தெரிந்த பையனுக்கு அங்கேயும் இடம் உண்டு என்று மட்டும் சொல்.

கார்பரேட்டர்கள் கடைசி பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அவற்றில் சிவப்புப் பெயிண்ட் பூசிய ஒன்றில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் முள் தேய்ந்துபோய் பெட்ரோல் வழியும். உனக்குக் கை துறுதுறுக்கும். அதை மட்டும் மாற்றிவிடாதே. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் பையன்கள் தாங்களே கண்டுபிடிப்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்,
வேலூர்