பித்த நிறமியும் வெளிறிய மலமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், கொழுப்பைச் செரிக்க வைப்பது பித்தநீரில் உள்ள பச்சை, மஞ்சள் நிறமிகள்தான் என்று ஒரு வரி வந்திருந்தது. ரத்தம், சிறுநீர், மலம் என்று ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்துச் செரிமானத்துக்கு உதவுபவை பித்த உப்புகள். நிறமிக்கு அந்த வேலை இல்லை, அது கழிவு. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அது மடிந்ததும் ஹீமோகுளோபினில் இருக்கும் ஹீம் உடைந்து பச்சை நிற பிலிவெர்டினாகிறது, பிறகு மஞ்சள் நிற பிலிருபினாகிறது. இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். முழங்காலை எங்காவது இடித்துக்கொண்டால் கன்றிய இடம் கருநீலமாகி, பச்சை பூத்து, மஞ்சளாகி மறைகிறதே, அதே மாற்றம்தான். (கழிவு என்பதால் வீண் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் பிலிருபினுக்கு உண்டு.)

கல்லீரல் இந்த பிலிருபினை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மேலும் மாற்றுவதால்தான் மலத்துக்குப் பழுப்பு நிறம். வழியில் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டால் மலம் களிமண் போல வெளுக்கும். குடலுக்குப் போக வேண்டிய நிறமி சிறுநீரில் இறங்கும். அத்தகைய சிறுநீரைக் குழாயில் ஊற்றிக் குலுக்கினால் நுரையும் மஞ்சளாக இருக்கும். சாதாரணச் சிறுநீரின் நுரை வெள்ளைதான். கருவியின் முடிவு வரும் முன்பே அந்த நுரை எங்களுக்குச் சேதி சொல்லிவிடும்.

கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே வடிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்து, மலமும் வெளிறியிருந்தால் காத்திருக்கக் கூடாது. பித்தநாளமே அடைபட்ட பிறவிக் கோளாறாக அது இருக்கலாம். பித்தநீர் குடலுக்குப் போக வழி செய்யும் ‘கசாய்’ (Kasai) என்ற அறுவை சிகிச்சை குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் நடந்தால் பலன் கூடுதல். 'பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்படித்தான் போகும்' என்று யாராவது சொல்ல, வீட்டார் அதை நம்பி நாளைக் கடத்துவதை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

தைவானில் பெற்றோருக்கு மல நிற அட்டையே தருகிறார்கள். துணியில் இருப்பதை அட்டையில் உள்ள படங்களோடு ஒப்பிட்டால் போதும். தாங்களும் கூச்சம் பார்க்காமல், ஒரு மருத்துவரிடம் சரிபார்த்து, அப்படியொரு படத்தை அடுத்த இதழில் வண்ணத்தில் வெளியிட வேண்டும். கறுப்பு வெள்ளையில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்